கைப்பந்து: சர்வீஸ் போடாத அணிக்கும் புள்ளி ஏன் போகிறது?

கேள்வி
எழுதியவர்: கணக்கு வாத்தியார்

எங்கள் பள்ளியில் இந்த ஆண்டு குறுவட்ட அளவிலான கைப்பந்துப் போட்டி நடக்கவிருக்கிறது. உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்தான் இருக்கிறார். அவர் நடுவராக நிற்க வேண்டும் என்பதால், புள்ளி எழுதும் மேசையில் என்னை உட்காரச் சொல்லிவிட்டார்கள். கணித ஆசிரியருக்குக் கூட்டத் தெரியும், அது போதும் என்று முடிவு செய்துவிட்டார்கள் போலும்.

1990களின் தொடக்கத்தில், கல்லூரி நாட்களில், நானும் மாலை வேளைகளில் கைப்பந்து ஆடியவன்தான். ஆனால் அப்போது எங்களுக்குத் தெரிந்த கணக்கு வேறு. சர்வீஸ் போடும் அணி ரேலியை வென்றால்தான் புள்ளி. எதிரணி வென்றால் சர்வீஸ் மட்டும் கைமாறும், பலகையில் எண் மாறாது. 15 புள்ளி எடுத்தால் ஒரு செட். இப்போது தொலைக்காட்சியில் பார்த்தால் யார் வென்றாலும் புள்ளி ஏறுகிறது, செட் 25 வரை போகிறது, ஐந்தாவது செட் மட்டும் 15இல் முடிந்துவிடுகிறது. இந்த மாற்றத்தின் அடிப்படையை யாராவது விளக்கினால், மேசையில் உட்காரும்போது கை நடுங்காது.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. 2012 லண்டன் ஒலிம்பிக் ஆண்கள் இறுதிப் போட்டியின் புள்ளிகளை எடுத்துப் பார்த்தேன். ரஷ்யா பிரேசிலை 3-2 என்று வென்றிருக்கிறது. செட் விவரம் 19-25, 20-25, 29-27, 25-22, 15-9. பழக்கதோஷத்தில் இரண்டு பக்கமும் கூட்டிப் பார்த்தேன்: ரஷ்யா 108, பிரேசிலும் 108. இரண்டு அணிகளும் சமமாகப் புள்ளி எடுத்திருக்கும்போது ஒன்றுக்குத் தங்கமும் மற்றொன்றுக்கு வெள்ளியும் என்றால், இந்தப் புள்ளிகள் உண்மையில் எதை அளக்கின்றன?

பதில் 1
எழுதியவர்: விசில்

ஐயா, மேசைக்கு முதலில் தேவையானதைச் சொல்லிவிடுகிறேன். சர்வீஸ் அடிக்கப்பட்ட கணத்திலிருந்து பந்து ஆட்டத்தை விட்டு வெளியேறும் வரை நடப்பது ஒரு ரேலி. இன்றைய விதியில் ஒவ்வொரு ரேலியும் ஏதோ ஒரு அணிக்கு ஒரு புள்ளியாக முடிகிறது. சர்வீஸ் போட்ட அணியே வென்றால் அதற்கு ஒரு புள்ளி, அதே ஆட்டக்காரர் மறுபடியும் சர்வீஸ் போடுவார். வாங்கிய அணி வென்றால் அதற்கு ஒரு புள்ளியும் சர்வீஸும் சேர்ந்து வரும். அப்போது அந்த அணியின் ஆறு பேரும் கடிகாரச் சுற்றில் ஓரிடம் நகர வேண்டும், வலையோரம் வலப்பக்கம் நின்றவர் பின்னால் போய்ச் சர்வீஸ் போடுவார். நீங்கள் ஆடிய காலத்திலும் இந்த நகர்தல் இருந்தது. அதோடு புள்ளியும் வருகிறது என்பது மட்டுமே புதியது.

புள்ளி யாருக்கு என்று நீங்கள் பந்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், செய்யவும் கூடாது. முதல் நடுவர் விசில் ஊதியதும் அடுத்து சர்வீஸ் போட வேண்டிய அணியின் பக்கம் கையை நீட்டுவார். அதன் பிறகுதான் என்ன தவறு என்பதற்கான சைகையைக் காட்டுவார். கை எந்தப் பக்கமோ புள்ளியும் அந்தப் பக்கம். இரண்டு கட்டைவிரல்களையும் உயர்த்திக் காட்டினால் அந்த ரேலி செல்லாது, யாருக்கும் புள்ளி இல்லை, அதே ஆட்டக்காரர் மீண்டும் சர்வீஸ் போடுவார். இரு அணிகளும் ஒரே நேரத்தில் தவறு செய்தாலோ, பக்கத்து மைதானத்துப் பந்து உள்ளே உருண்டு வந்தாலோ இப்படி நடக்கும். பள்ளி மைதானங்களில் இரண்டாவது காரணத்தை நீங்கள் நிறையப் பார்ப்பீர்கள்.

புதிதாக மேசைக்கு வருபவர்கள் தடுமாறும் ஓரிடத்தைச் சொல்கிறேன். ஒருவர் ஓங்கி அடித்த பந்து எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி வெளியே விழுகிறது; உங்கள் கை எதிரணியின் கட்டத்தை நோக்கிப் போகும். அதற்குள் கோட்டு நடுவர் கொடியை நிமிர்த்தி, அதன் உச்சியை மற்றொரு உள்ளங்கையால் தொட்டுக் காட்டுவார். பிளாக்குக்கு, அதாவது வலையோரம் பந்தைத் தடுக்க, எழும்பியவரின் விரல் நுனியில் பந்து பட்டுப் போயிருக்கிறது என்று பொருள். அப்போது புள்ளி அடித்த அணிக்கே. எனவே பந்து விழும் இடத்தை விட்டுவிட்டு நடுவரின் கையைப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள்.

செட்டுக்கு 25 புள்ளி. ஆனால் இரண்டு புள்ளி வித்தியாசம் வேண்டும். 24-24 என்றால் 26-24, 27-25 என்று போய்க்கொண்டே இருக்கும், உச்சவரம்பு கிடையாது. 2-2 என்று செட்டுகள் சமமானால் ஐந்தாவது செட் 15 புள்ளிக்கு; அங்கும் இரண்டு வித்தியாசம் கட்டாயம். பள்ளிப் போட்டிகளில் நேரம் போதாது என்று மூன்றில் இரண்டு செட் என்று வைத்தால், மூன்றாவதைத் தீர்மான செட்டாகக் கொண்டு 15க்கு ஆடுவார்கள். எப்படி ஆடப்போகிறார்கள் என்பதை முதல் ஆட்டத்துக்கு முன்பே நடுவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சிவப்பு அட்டை காட்டப்பட்டாலும் புள்ளி உண்டு. ஒழுங்கீனத்துக்காகவோ, எச்சரித்த பின்பும் தாமதப்படுத்தியதற்காகவோ ஒரு அணிக்குச் சிவப்பு காட்டினால் எதிரணிக்கு ஒரு புள்ளியும் சர்வீஸும் போகும். அந்தப் புள்ளியைத் தாளில் வட்டமிட்டுக் காட்டுவது வழக்கம். மஞ்சள் அட்டை எச்சரிக்கை மட்டுமே, அதற்குப் புள்ளி கிடையாது.

பதில் 2
எழுதியவர்: பழைய செட்டர்

ஆசிரியர் ஆடிய அதே காலத்தில் ஆடியவன் நான். எப்படி மாறியது என்பதைச் சொல்கிறேன், என் வருத்தத்தையும் கடைசியில் சேர்த்துக்கொள்கிறேன்.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. 1988இல் சர்வதேசக் கைப்பந்துக் கூட்டமைப்பு ஐந்தாவது செட்டில் மட்டும் ரேலிக்கு ஒரு புள்ளி என்ற முறையைக் கொண்டுவந்தது. ஆகவே 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் முதல் நான்கு செட் பழைய கணக்கிலும் கடைசி செட் புதிய கணக்கிலும் நடந்தன. அப்போது 16-16 வந்துவிட்டால் அடுத்த ஒரே புள்ளியில் 17-16 என்று செட்டை முடித்துவிடுவார்கள். அது சரியில்லை என்று அந்த ஆண்டே விதியைத் திருத்தி, இரண்டு புள்ளி வித்தியாசம் வரும் வரை ஆட வேண்டும் என்று ஆக்கினார்கள். 1998இல்தான் எல்லா செட்டுக்கும் ரேலிக்கு ஒரு புள்ளி, முதல் நான்கு செட் 25 என்று தீர்மானித்தார்கள். முழுவதும் புதிய கணக்கில் ஆடப்பட்ட முதல் ஒலிம்பிக் 2000 சிட்னி. ஆக, ஐந்தாவது செட்டின் 15 இன்றைய 25க்கு மூத்தது. 25 வந்த பிறகும் அதை யாரும் தொடவில்லை.

காரணம் நேரம். பழைய கணக்கில் ஒரு செட் எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. சர்வீஸ் அங்கும் இங்கும் பத்து முறை கைமாறியிருக்கும், பலகையில் 7-6 அப்படியே நிற்கும். 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் போலந்து சோவியத் ஒன்றியத்தை 3-2 என்று வென்றது. அதன் நான்காவது செட் 19-17. இன்றைய கண்ணுக்கு 19-17 சின்ன எண்ணாகத் தெரியும். அந்த 36 புள்ளிகளுக்கு நடுவே பலகையில் ஏறாத ரேலிகள் எத்தனை கிடந்தன என்பது பழைய ஆட்டக்காரர்களுக்குப் புரியும். தொலைக்காட்சி நிறுவனங்கள் இத்தகைய ஆட்டத்துக்கு நேரம் ஒதுக்கத் தயங்கின. கைப்பந்து திரையில் இடம்பிடிக்க வேண்டுமானால் அதன் நீளம் ஓரளவாவது கணிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்று கூட்டமைப்பு கருதியது.

சர்வீஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்று சர்வீஸை வெளியே அடித்தால் வாய்ப்பு மட்டும்தான் போகும். இன்று எதிரணிக்கு ஒரு புள்ளியைக் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும். வலையில் உரசி அந்தப் பக்கம் விழும் சர்வீஸ் அன்று தவறு, இன்று அது ஆட்டம்தான்.

என் வருத்தம் என்னவென்றால், பழைய கணக்கில் 14-5 என்று பின்தங்கிய அணிக்கும் உயிர் இருந்தது. எதிரணி தன் சர்வீஸில்தான் பதினைந்தாவது புள்ளியை எடுக்க முடியும். அந்த ஒன்றைக் கொடுக்காமல் நின்றுகொண்டு, மெதுவாக ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். அந்தப் பிடிவாதத்தைப் பார்க்கத்தான் ஊரே மைதானத்தைச் சுற்றி நிற்கும். இன்று 24-15 என்றால் பார்வையாளர்கள் நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறார்கள்.

கேள்வியாளர் மறுமொழி
எழுதியவர்: கணக்கு வாத்தியார்

இருவருக்கும் நன்றி. நடுவரின் கையைப் பார்க்கச் சொன்ன அறிவுரை ஒன்றே எனக்குப் பாதிச் சுமையைக் குறைத்துவிட்டது.

ஆனால் என் இரண்டாவது கேள்வி நிற்கிறது. யார் வென்றாலும் புள்ளி என்றால், சர்வீஸ் போடுவதால் என்ன லாபம்? கிரிக்கெட்டில் டாஸ் வென்றவர் மட்டையைத் தேர்ந்தெடுப்பதுபோல, இங்கே சர்வீஸை விரும்பிக் கேட்பதற்குப் பொருள் இருக்கிறதா? 108க்கு 108 என்ற புதிருக்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கூடவே, சுழற்சி தவறி வேறொருவர் சர்வீஸ் போட்டுவிட்டால் புள்ளிகளைக் கழிப்பார்கள் என்று உடற்கல்வி ஆசிரியர் சொன்னார். எத்தனையைக் கழிப்பது, எதிரணியின் புள்ளியையும் கழிக்க வேண்டுமா என்பது எனக்குத் தெளிவாகவில்லை.

பதில் 3
எழுதியவர்: பின்வரிசை

கணித ஆசிரியருக்குப் பிடிக்கும் வகையில் சொல்லிப் பார்க்கிறேன்.

ஒரு அணி எடுக்கும் புள்ளிகளை இரண்டு வகையாகப் பிரியுங்கள். எதிரணியின் சர்வீஸை வாங்கி வென்ற புள்ளி ஒன்று; அதைச் சைட்-அவுட் என்பார்கள். தன் சர்வீஸிலேயே வென்ற புள்ளி மற்றொன்று; அது பிரேக் பாயிண்ட். இப்போது சைட்-அவுட்டை மட்டும் கவனியுங்கள். ஓர் அணி சைட்-அவுட் எடுத்தால் சர்வீஸ் அதன் கைக்கு வந்துவிடுகிறது. அதன் பிறகு அடுத்த சைட்-அவுட்டை எடுக்கக்கூடியது எதிரணி மட்டுமே. ஆகவே ஒரு செட்டில் சைட்-அவுட்டுகள் இரண்டு அணிகளுக்கும் மாறி மாறித்தான் வர முடியும். செட் எவ்வளவு நீண்டாலும் அவற்றின் எண்ணிக்கையில் ஒன்றுக்கு மேல் வேறுபாடு வராது.

இதிலிருந்து கிடைப்பது இதுதான்: செட்டின் வித்தியாசம் ஏறக்குறைய முழுவதும் பிரேக் பாயிண்ட்டிலிருந்து வருகிறது. பலகையில் 25-22 என்றால், வென்ற அணி பிரேக் பாயிண்ட்டுகளில் இரண்டோ மூன்றோ நான்கோ கூடுதலாக எடுத்திருக்கிறது. அதற்குக் குறையவும் முடியாது, கூடவும் முடியாது. இரண்டு அணிகளும் வாங்கும் சர்வீஸை எல்லாம் தவறாமல் வென்றுகொண்டே போனால் 24-24, 25-25, 30-30 என்று விடியும் வரை ஆடலாம், செட் முடியவே முடியாது. ஒரு முறையாவது தன் சர்வீஸில் புள்ளி எடுக்காமல் எந்த அணியாலும் ஒரு செட்டை வெல்ல முடியாது.

பழைய கணக்கையும் இதன் வழியே பாருங்கள். அன்று பலகையில் ஏறியவை பிரேக் பாயிண்ட்டுகள் மட்டுமே. இன்று சைட்-அவுட்டுகளையும் சேர்த்து எண்ணுகிறார்கள். அவை இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக ஏறி ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. யார் மேலே என்று தீர்மானிப்பது அன்றும் இன்றும் ஒரே வகைப் புள்ளிதான். சைட்-அவுட்டுகளும் எண்ணப்படுவதால் செட்டுக்கு ஒரு நீளம் கிடைத்தது: டியூஸுக்கு, அதாவது 24-24க்கு, போகாத செட் அதிகபட்சம் 48 ரேலிகளில், அதாவது 25-23இல், முடிந்தாக வேண்டும். பழைய முறையில் இப்படி ஒரு மேல்வரம்பே இல்லை.

சர்வீஸால் என்ன லாபம் என்று கேட்டீர்கள். ஒரு ரேலியை மட்டும் எடுத்துக்கொண்டால் நஷ்டம்தான். உயர்நிலை ஆண்கள் ஆட்டத்தில் சர்வீஸை வாங்கும் அணிக்கே அந்த ரேலியை வெல்லும் வாய்ப்பு அதிகம். பந்தை நிதானமாக வாங்கி, அடிப்பவருக்குத் தூக்கிக் கொடுக்கும் செட்டரிடம் சேர்த்து, முதல் தாக்குதலை நடத்துவது அந்த அணிதான். அதனால்தான் டாஸ் வென்ற தலைவர்கள் பலர் சர்வீஸை வாங்கும் பக்கத்தைக் கேட்பார்கள். அடுத்த பக்கத்தின் சீரான வாங்குதலைக் குலைக்க வேண்டும் என்பதற்காகவே, வெளியே போனால் ஒரு புள்ளி போகும் என்று தெரிந்தும் குதித்து ஓங்கி அடிக்கிறார்கள். கிரிக்கெட் டாஸை இங்கே கொண்டுவர வேண்டாம். இங்கே மட்டையைப் பிடித்திருப்பவர் சர்வீஸை வாங்குபவர்.

இனி லண்டன். முதல் இரண்டு செட்டில் பிரேசில் 25-19, 25-20 என்று ஆறும் ஐந்தும் சேர்த்துப் பதினொரு புள்ளி முன்னால் போனது. அடுத்த மூன்று செட்டில் ரஷ்யா இரண்டு, மூன்று, ஆறு என்று அதே பதினொன்றைத் திரும்ப எடுத்தது. கூட்டல் சமம். ஆனால் ஒரு செட்டை ஆறு புள்ளியில் வென்றாலும் இரண்டு புள்ளியில் வென்றாலும் கிடைப்பது ஒரே செட். மிச்ச வித்தியாசத்தை அடுத்த செட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. ஒவ்வொரு செட்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது.

மூன்றாவது செட்தான் அந்த ஆட்டத்தின் முடிச்சு. இரண்டு செட் முன்னிலையில் இருந்த பிரேசிலுக்கு அந்தச் செட்டில் இரண்டு முறை ஆட்டத்தை முடிக்கும் புள்ளி வாய்த்தது. இரண்டும் கைநழுவி 29-27 என்று ரஷ்யாவுக்குப் போனது. அந்தச் செட்டில் பயிற்சியாளர் விளாதிமிர் அலெக்னோ, நடுவில் பிளாக் செய்யும் டிமிட்ரி முசெர்ஸ்கியை, வலப்பக்கத்திலிருந்து அடிக்கும் எதிர்முனைத் தாக்குபவராக மாற்றி நிறுத்தியிருந்தார். ஏழு அடிக்கு மேல் உயரமுள்ள அவர் அந்த ஆட்டத்தில் மொத்தம் 31 புள்ளி எடுத்தார். புதிய கணக்கில் திரும்பி வர முடியாது என்று பழைய செட்டர் சொல்வதற்கு இதைவிட நல்ல மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

பதில் 4
எழுதியவர்: பழைய செட்டர்

பின்வரிசையின் கணக்கை ஒப்புக்கொள்கிறேன், முடிவை ஒப்புக்கொள்ளவில்லை. செட்டின் நடுப்பகுதிக்கு அவர் சொல்வது சரி; இறுதிப் பகுதிக்குப் பொருந்தாது. பழைய முறையில் முன்னிலையில் இருந்த அணி செட்டை முடிக்கும் புள்ளியைத் தன் சர்வீஸில்தான் எடுத்தாக வேண்டும், அதாவது கடினமான வகைப் புள்ளியை. இன்று 24-20 என்று இருக்கும் அணி, எதிரணி போடும் சர்வீஸை ஒரே ஒரு முறை ஒழுங்காக வாங்கி அடித்தால் போதும். முன்னால் இருப்பவருக்கு எளிய வகைப் புள்ளியைக் கொண்டே கதவைச் சாத்த அனுமதி கிடைத்துவிட்டது. ரஷ்யா திரும்பி வந்தது என்றால், அது செட்டுகளில் திரும்பி வந்தது. மூன்றாவது செட் கடைசி வரை இழுபறியாகவே நடந்தது. ஒரே செட்டுக்குள் ஒன்பது புள்ளி பின்தங்கி எழுவதைத்தான் நான் சொல்கிறேன்.

பதில் 5
எழுதியவர்: விசில்

இந்த வாதம் எங்கள் நடுவர் அறையிலும் முடிந்ததில்லை. நான் மேசைக்குத் திரும்புகிறேன்.

சுழற்சித் தவறு. சர்வீஸ் போட வேண்டியவர் ஒருவர், போட்டவர் வேறொருவர். மேசையில் வரிசைப் பட்டியல் இருப்பது உங்களிடம்தான் என்பதால் இதை முதலில் பிடிக்க வேண்டியவரும் நீங்கள்தான். தவறான ஆள் பந்தைக் கையில் வைத்திருக்கும்போதே எழுந்து நின்று சொல்லக் கூடாது. அடித்து முடித்ததும் உடனே மணியடித்து நிறுத்த வேண்டும். அடிப்பதற்கு முன் தன் அணித் தலைவரோ பயிற்சியாளரோ அவரைத் திருத்திவிட்டால் தவறே நடக்கவில்லை என்றாகிவிடும். அந்த வாய்ப்பைத் தருவதும் பறிப்பதும் நம் வேலை அல்ல.

உடனே பிடித்தால் கணக்கு எளிது: எதிரணிக்கு ஒரு புள்ளி, ஒரு சர்வீஸ், தவறிய அணி தன் வரிசையைச் சரிசெய்துகொள்ள வேண்டும். தாமதமாகத் தெரிந்தால்தான் கழித்தல் வருகிறது. ஓர் எடுத்துக்காட்டு. நீல அணி 12-10 என்று முன்னிலையில் இருக்கிறது, தவறான ஆட்டக்காரர் சர்வீஸ் போடத் தொடங்குகிறார். யாரும் கவனிக்கவில்லை. அவரே தொடர்ந்து மூன்று புள்ளி எடுத்து 15-10 ஆக்கிவிட்ட பிறகு தவறு தெரிகிறது. தவறு நடந்த கணத்துக்குப் பிறகு நீல அணி எடுத்த மூன்று புள்ளியும் போகும், மீண்டும் 12. எதிரணிக்குத் தண்டனைப் புள்ளி ஒன்று சேர்ந்து 11. சர்வீஸும் அவர்களுக்கே. பலகை 12-11.

எதிரணியின் புள்ளியில் கைவைக்கக் கூடாது. அந்த இடைவெளியில் அவர்கள் எடுத்தது ஏதேனும் இருந்தால் அப்படியே நிற்கும். தவறு செய்தவர்கள் அவர்கள் அல்லவே. தவறு எப்போது தொடங்கியது என்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால் எதையும் கழிக்க முடியாது, எதிரணிக்கு ஒரு புள்ளியும் சர்வீஸும் மட்டும் கொடுத்துவிட்டு ஆட்டத்தைத் தொடர வேண்டியதுதான்.

அந்தக் கணத்தைக் கண்டுபிடிக்கத்தான் சர்வதேசப் புள்ளித்தாள் அப்படி வரையப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு ஆட்டக்காரரின் எண்ணுக்குக் கீழும் சிறு கட்டங்கள் இருக்கும். அவருடைய சர்வீஸ் வாய்ப்பு முடியும்போது அவர் அணியின் மொத்தப் புள்ளி எவ்வளவு என்பதை அந்தக் கட்டத்தில் எழுதுவார்கள். நான்காம் எண் ஆட்டக்காரர் சர்வீஸை இழந்தபோது 11 என்று எழுதியிருந்தால், அடுத்து யார் வர வேண்டும், எத்தனையில் தொடங்க வேண்டும் என்பது தாளிலேயே இருக்கிறது. பள்ளிப் போட்டிகளில் வெறும் 1 முதல் 25 வரை எண் போட்டுக் கோடிழுத்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். அதில் மொத்தம் தெரியும், வரலாறு தெரியாது. சச்சரவு வந்தால் மேசையில் இருப்பவர் வாயைத் திறக்க முடியாது. நேரமிருந்தால் முழுத் தாளைப் பயன்படுத்தப் பழகுங்கள்.

பதில் 6
எழுதியவர்: தெற்குத் தெரு கிளப்

சென்னை, கோழிக்கோடு, அகமதாபாத் அணிகள் ஆடும் பிரைம் வாலிபால் லீக்கில் செட் 15க்கே முடிந்தது, ஒரே ரேலிக்கு இரண்டு புள்ளியும் கொடுத்தார்கள். அது எந்தக் கணக்கு? கூடவே, லீக் பட்டியலில் சில அணிக்கு வெற்றிக்கு 3, சில அணிக்கு 2 என்று போடுகிறார்களே, அதையும் யாராவது சொன்னால் எங்கள் ஊர்ப் போட்டிக்கு உதவும்.

பதில் 7
எழுதியவர்: பின்வரிசை

2022இல் தொடங்கிய அந்த லீக் தனக்கென்று வகுத்துக்கொண்ட விதி அது. சூப்பர் பாயிண்ட் என்று அணி அறிவித்த ரேலிக்கும், எதிரணி தொட்டுத் திருப்ப முடியாத சூப்பர் சர்வீஸுக்கும் இரண்டு புள்ளி என்பதெல்லாம் பார்வையாளருக்காகச் சேர்த்தவை. சர்வதேச விதிப்புத்தகத்தில் கிடையாது. உங்கள் ஊர்ப் போட்டியில் வைக்க விரும்பினால் வைக்கலாம், துண்டறிக்கையில் முன்கூட்டியே அச்சிட்டுவிடுங்கள்.

பட்டியல் புள்ளி வேறு சமாச்சாரம். சர்வதேசப் போட்டிகளில் 3-0 அல்லது 3-1 என்று வென்றால் வென்றவருக்கு 3, தோற்றவருக்கு 0. ஐந்து செட் வரை போய் 3-2 என்றால் வென்றவருக்கு 2, தோற்றவருக்கு 1. இரண்டு செட்டை எடுத்துவிட்டுத் தோற்றவர் வெறுங்கையோடு போகக் கூடாது என்பது எண்ணம்.

ஆனால் தரவரிசையை இந்தப் புள்ளி மட்டும் தீர்மானிப்பதில்லை, இதில் பலர் ஏமாறுவார்கள். சர்வதேசக் கூட்டமைப்பின் வழக்கத்தில் முதலில் வெற்றிகளின் எண்ணிக்கை, பிறகு பட்டியல் புள்ளி, அதற்குப் பிறகு செட் விகிதம், அதையடுத்துப் புள்ளி விகிதம். ஒரு அணி இரண்டு ஆட்டங்களை 3-2 என்று வென்று ஒன்றை 0-3 என்று தோற்றால் 4 புள்ளி. இன்னொரு அணி ஒன்றை 3-0 என்று வென்று இரண்டை 2-3 என்று தோற்றால் 5 புள்ளி. ஐந்து புள்ளிக்காரர்தான் கீழே நிற்பார், ஏனென்றால் அவருடைய வெற்றி ஒன்றுதான். சில நாடுகளின் லீக்குகள் புள்ளியை முதலில் பார்க்கின்றன, அங்கே இதே இருவரும் இடம் மாறிவிடுவார்கள். எதை முதலில் பார்ப்பது என்று எழுதி ஒட்டாமல் ஊரில் லீக் நடத்தாதீர்கள்.

செட் விகிதம் என்பது வென்ற செட்டுகளைத் தோற்ற செட்டுகளால் வகுப்பது, கழிப்பது அல்ல. புள்ளி விகிதமும் அப்படியே. 108க்கு 108 என்று ஆசிரியர் கூட்டியது இறுதிப் போட்டியில் பயன்படாது. குழுச்சுற்றாக இருந்தால் சரியாக 1.000 என்று பட்டியலில் உட்கார்ந்திருக்கும்.

கேள்வியாளர் மறுமொழி
எழுதியவர்: கணக்கு வாத்தியார்

சைட்-அவுட்டுகள் மாறி மாறித்தான் வர முடியும் என்ற வாதத்தைப் பதினோராம் வகுப்புக்கு ஒரு கணக்காகவே கொடுத்துவிட்டேன். இன்னும் இரண்டு ஐயம் மட்டும். ஆட்டத்தின் நடுவில் காயம் காரணமாக ஒரு அணியில் ஐந்து பேர்தான் மிஞ்சினால், மாற்று ஆளும் இல்லாவிட்டால், புள்ளியை எப்படி எழுதுவது? தீர்மான செட்டில் 8 புள்ளி வந்ததும் பக்கம் மாற வேண்டும் என்கிறார்கள்; யாரும் கவனிக்காமல் ஆட்டம் போய்விட்டால் அதுவரை எடுத்த புள்ளிகள் என்ன ஆகும்?

பதில் 8
எழுதியவர்: விசில்

ஐந்து பேரோடு ஆட முடியாது. அந்த அணி குறைவுற்ற அணி என்று அறிவிக்கப்படும். அது அதுவரை எடுத்த புள்ளிகளும் செட்டுகளும் அதற்கே இருக்கும், எதிரணிக்கு ஆட்டத்தை முடிக்கத் தேவையானவற்றைச் சேர்த்து எழுத வேண்டும். ஐந்து செட் ஆட்டத்தின் முதல் செட்டில் 20-18 என்று இருந்தபோது 18 எடுத்த அணியில் ஆள் குறைந்தால், 25-18, 25-0, 25-0 என்று முடிப்பீர்கள். மைதானத்துக்கே வராத அணிக்கு இந்தச் சலுகை கிடையாது, அதற்கு மூன்று செட்டும் 0-25.

பக்கம் மாற மறந்தால், நினைவுக்கு வந்த கணத்தில் மாறிக்கொள்ள வேண்டும். 10-7இல் கவனித்தால் 10-7 என்றே அந்தப் பக்கம் போய்த் தொடர்வார்கள்; சர்வீஸ் யாரிடம் இருந்ததோ அவரிடமே இருக்கும். தாளில் எட்டாம் எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னக் குறி போட்டு வைத்துக்கொண்டால் மேசைக்கு அந்தக் கவலையும் இல்லை.